சித்திரவதை சரி எண்டு வாதாடின புலனாய்வு அதிகாரிமாரை ஆர் கேள்வி கேக்கிறது?

2 டிசம்பர் 2024

பரந்தனிலயிருந்து ஒரு தம்பி போட்ட கேள்வி:

"வாற 9ஆம் திகதியோட அமெரிக்க செனற் சபையின்ர சிஐஏ சித்திரவதை அறிக்கை வந்து பத்து வருசம். அதில அடிபட்ட பெரியாக்கள் ஒருத்தரும் மறியலுக்குப் போகேல்ல. முன்னாள் பணிப்பாளர்மார் ரீவியில ஆய்வாளரா இருந்து கதைச்சுக்கொண்டிருந்தவை. அடிச்சவனில வழக்குப் போடலாம், அது விளங்குது. அடிச்சது சரிதான் எண்டு பிறகு வந்து வாதாடுற அதிகாரியை என்ன செய்யேலும்? கருத்துச் சொன்னதுக்கு ஆளைப் பிடிக்கிறதெண்டா அதைத்தானே இஞ்ச எங்களுக்கும் செய்யினம்?"

2 டிசம்பர், இரவு

தம்பி, முதல்ல ஆக்களைப் பிரிச்சுப் பாப்பம். தேத்தண்ணிக் கடையில இருந்துகொண்டு "உவனுக்கு ரெண்டு போட்டாத்தான் உண்மை வரும்" எண்டு சொல்லுற ஆள் ஒரு வகை. அவரோட சண்டை பிடிக்கலாம், வழக்குப் போடேலாது, போடவும் கூடாது. பதவியில இருந்துகொண்டு, உள்ளுக்க என்ன நடந்தது எண்டு கோப்புகளைப் பாத்துத் தெரிஞ்சுகொண்டு, பாராளுமன்றத்துக்கோ நீதிமன்றத்துக்கோ வந்து நிண்டு "எல்லாம் சட்டப்படிதான் நடந்தது, அதால கன உயிர் தப்பினது" எண்டு சொல்லுறவர் வேற வகை. அவர் வாய் திறக்கிறது உத்தியோகத்தோட சேந்த வேலை. சம்பளம் வாங்கிச் செய்யிற வேலைக்குக் கணக்குக் கேக்கத்தான் வேணும்.

மைக்கல் ஹெய்டன்ர கதையைப் பாரும். 2006 தொடக்கம் 2009 வரை சிஐஏ பணிப்பாளர். 2007 ஏப்ரல் 12 செனற் புலனாய்வுக் குழுவுக்கு முன்னால பயங்கரவாதச் சந்தேகத்தில ஆக்களை இரகசியமா அடைச்சு வைச்சு விசாரிச்ச சிஐஏயின்ர இந்தத் தடுப்பு விசாரணைத் திட்டத்தைப் பற்றிச் சாட்சியம் சொன்னவர். பிறகு வந்த அறிக்கையில ஒரு இணைப்பு முழுக்க அவர் அண்டைக்குச் சொன்னதை ஒரு பக்கம் போட்டு, சிஐஏயின்ர சொந்தப் பதிவுகள் சொல்லுறதை மற்றப் பக்கம் போட்டு வைச்சிருக்கினம். வேற ஆரும் எழுதினது இல்லை, அவையின்ர கந்தோர்க் கடதாசிதான். நான் அதை அகராதியோட இருந்து வாசிச்சனான், வாசிக்க வாசிக்க நெஞ்சு கொதிச்சுது, ஏனெண்டா ரெண்டு பக்கத்துக்கும் இடையில இருந்த தூரம் அவ்வளவு. அதுக்காக ஒரு வழக்கு, ஒரு ஒழுக்காற்று விசாரணை? ஒண்டும் இல்லை.

3 டிசம்பர் 2024

நான் ஏன் இதில இவ்வளவு சூடாகிறன் எண்டு ஒரு அக்கா கேட்டிருக்கிறா. அக்கா, நான் வவுனியாவில ஒரு சட்டத்தரணியிட்ட கிளார்க்கா கன வருசம் இருந்தனான். கோப்புத் தூக்குறது, சிங்கள வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பு எடுப்பிக்கிறது, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கத்திலயிருந்து விடியப்புறம் பஸ் ஏறி வாற தாய்மாரை வாங்கில இருத்தித் தண்ணி குடுக்கிறது, இதுதான் என்ர வேலை.

பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கெண்டா அனேகமா ஒரேயொரு சாட்சியம்தான் இருக்கும், பிடிபட்ட பெடியன்ர ஒப்புதல் வாக்குமூலம். சாதாரணச் சட்டத்தில பொலிசுக்குக் குடுத்த ஒப்புதல் செல்லாது. 1979இல 48ஆம் இலக்கமா வந்த இந்தப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்ர 16ஆம் பிரிவு அதைத் தலைகீழாக்கினது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ (ஏஎஸ்பி) அதுக்கு மேற்பட்டவரோ எடுத்தா செல்லும். அடிச்சு வாங்கினதெண்டா அதை நிரூபிக்கிற பொறுப்பு அடி வாங்கினவன்ர தலையில. மூண்டு வருசத்துக்கெண்டு கொண்டந்த சட்டம் இது, 1982இல நிரந்தரமாக்கிப் போட்டினம்.

அப்ப அந்த வாக்குமூலம் தானா விரும்பிக் குடுத்ததோ எண்டு பாக்க, உண்மை விளம்பல் விசாரணை எண்டு ஒண்டு நடக்கும். அந்த ஏஎஸ்பி நல்லா அயன் பண்ணின உடுப்போட வந்து சாட்சிக் கூண்டில ஏறுவார். கதிரை குடுத்தனாங்கள், தேத்தண்ணி குடுத்தனாங்கள், அவர் தானா விரும்பிச் சொன்னவர், வாசிச்சுக் காட்டினனாங்கள், கையெழுத்து வைச்சவர். முதுகில இருக்கிற தழும்பைப் பற்றிக் கேட்டா, பிடிக்கேக்க ஓடி விழுந்திருப்பார். சட்ட வைத்திய அதிகாரியின்ர அறிக்கை மேசையில கிடக்கும். எஸ்லோன் பைப்பால அடிச்சது, பெற்றோல் விட்ட சொப்பின் பையைத் தலையில கட்டினது எண்டு பெடியன் நீதவானுக்குச் சொன்னது கோப்பில கிடக்கும். அந்த ஏஎஸ்பி ஒருத்தரையும் கையால தொட்டிருக்க மாட்டார். அது எனக்கு நல்லாத் தெரியும். அடிக்கிறதுக்கு வேற ஆக்கள் இருக்கினம். இவர்ர வேலை அடுத்த நாள் வந்து கையெழுத்து வாங்கிறது, பிறகு வருசங்கள் கழிச்சு வந்து அது சுத்தமா எடுத்தது எண்டு சத்தியம் பண்ணுறது. இவர் இல்லாட்டி அந்த அடியால ஒரு பிரியோசனமும் இல்லை, ஏனெண்டா அந்தக் கடதாசி நீதிமன்றத்தில நிக்காது.

சில வழக்கில நீதிபதி அந்த வாக்குமூலத்தைத் தள்ளுவார். நாங்கள் சந்தோசப்படுவம். தாய்க்காரி அழுவா. அந்த அதிகாரி கோப்பை மூடிக்கொண்டு வெளியில வந்து வாகனத்தில ஏறிப் போவார். பொய்ச்சாட்சி எண்டு ஒருத்தரும் அவரைப் பிடிக்கிறேல்ல. பிறகு இன்னொரு வழக்குக்கு வரேக்க தோளில ஒரு நட்சத்திரம் கூட இருக்கும்.

ஹெய்டன்ர இணைப்பை வாசிக்கேக்க எனக்கு அந்தச் சாட்சிக் கூண்டுதான் கண்ணுக்குள்ள நிண்டது.

3 டிசம்பர், கொஞ்சம் பிந்தி

விட்டுப்போன ஒண்டு. 2022 மார்ச்சில சட்டத்தைத் திருத்தினவை, தடுப்புக் காவல் உச்சம் 18 மாசத்திலயிருந்து 12 ஆக்கினவை. 16ஆம் பிரிவில கை வைக்கேல்ல.

5 டிசம்பர் 2024

"இலங்கையில சித்திரவதைக்கு எதிரா சட்டமே இல்லை" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். இருக்கு அண்ணை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். குறைஞ்சது ஏழு வருசம், கூடினா பத்து வருசம் மறியல். உதவி செய்தவர், உடந்தையா இருந்தவர், சேந்து சதி செய்தவரும் குற்றவாளி. போர் நடந்தது, அவசரகாலம், மேலதிகாரி சொன்னவர் எண்டெல்லாம் தப்பேலாது எண்டு அந்தச் சட்டத்திலயே எழுதிக்கிடக்கு. நல்ல சட்டம். அதின்ர கீழ தண்டிக்கப்பட்ட ஆக்களை விரல்விட்டு எண்ணலாம், அதிலயும் அனேகமா சின்னப் பொலிஸ் நிலையத்துக்காரர். நாலாம் மாடியின்ர, அதாவது கொழும்பில குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின்ர (சிஐடி), பெரிய கதிரையில இருந்தவை ஆரும் அதுக்குள்ள வரேல்ல.

மற்றப் பக்கம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்ர 26ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோட செய்ததுக்கு வழக்குப் போடேலாது எண்டு அதிகாரிமாருக்குக் குடை பிடிக்குது.

9 டிசம்பர் 2024

இண்டைக்குத்தான் அந்தப் பத்து வருசம். முழு அறிக்கை 6,700 பக்கத்துக்கு மேல, வெளியில விட்டது 525 பக்கச் சுருக்கம்தான். 119 பேரைப் பிடிச்சு வைச்சிருந்தவை, அதில 26 பேரையாவது பிழையாப் பிடிச்சது எண்டு அதிலயே இருக்கு. அல்கைதா ஆக்கள் எண்டு பிடிச்சவையில அபு சுபைதாவுக்கு 2002 ஓகஸ்ரில மட்டும் 83 தரம் தண்ணி ஊத்தி மூச்சடைக்கப் பண்ணினது, காலித் ஷேக் முகமதுக்கு 183 தரம். குல் ரஹ்மான் எண்ட மனுசனை 2002 நவம்பரில அரைகுறை உடுப்போட வெறும் கொங்கிறீற்றுத் தரையில சங்கிலி போட்டு வைச்சு, குளிரில விறைச்சே செத்துப்போனார். நாலு மாசம் கழிச்சு அந்த இடத்துக்குப் பொறுப்பா இருந்த அதிகாரிக்கு 2,500 டொலர் பணப்பரிசு குடுக்கச் சொல்லிச் சிபாரிசு போயிருக்கு. அந்த வரியில நான் கனநேரம் நிண்டனான்.

இப்ப "வேலை செய்தது" எண்ட வாதத்துக்கு வாறன், ஏனெண்டா இதுதான் எல்லா இடத்திலயும் கடைசி அரண். சிஐஏ தன்ர வெற்றி எண்டு அடிக்கடி காட்டின 20 சம்பவத்தை எடுத்து செனற் குழு ஒவ்வொண்டாப் பாத்தது. அடிப்படையிலயே பிழை எண்டு முடிவு. தகவல் முதலே வேற வழியால கையில இருந்திருக்கு, இல்லாட்டி அடிக்க முதலே ஆள் சொல்லியிருக்கிறார், இல்லாட்டி சொன்னது பொய். பின்லாடன்ர தூதனைப் பற்றின முக்கியமான தகவலும் அப்பிடித்தான், பிடிபட்டிருந்த ஹசன் குல் எண்டவர் அதைச் சொன்னது சித்திரவதை தொடங்க முதல்.

அடிச்சா என்ன வரும் எண்டதுக்கு இபின் அல் ஷேக் அல் லிபியின்ர கதை போதும். அவரை எகிப்துக்கு அனுப்பி அங்க வதைச்சு, ஈராக் அல்கைதாவுக்கு இரசாயன ஆயுதப் பயிற்சி குடுத்தது எண்டு சொல்லப் பண்ணினவை. 2003 பெப்ரவரி 5 அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் ஐநா பாதுகாப்புச் சபையில அதைத் தூக்கிக் காட்டினவர். அடுத்த மாசம் போர். 2004இல அந்த மனுசன் தான் சொன்னது பொய், அடி தாங்கேலாமல் சொன்னது எண்டு மறுத்துப் போட்டார். அதுக்கிடையில ஈராக்கில எத்தினை வீடு போட்டுது.

இன்னொண்டையும் சொல்லவேணும், இதை ஆரும் பெரிசாக் கதைக்கிறேல்ல. 2000ஆம் ஆண்டு யேமனில கோல் எண்ட அமெரிக்கக் கப்பலில குண்டு வெடிச்சு 17 கடற்படை ஆக்கள் செத்தவை. அதுக்குக் குற்றம் சாட்டின அல் நஷிரியை சிஐஏ வருசக்கணக்கில ஒளிச்சு வைச்சு வதைச்சது. பிறகு 2007இல வேற அதிகாரிமார் வந்து மரியாதையாக் கேட்டு ஒரு ஒப்புதல் எடுத்தவை. 2023 ஓகஸ்ரில குவாந்தனாமோ இராணுவ நீதிபதி அதைத் தள்ளிப்போட்டார், முதல் பட்ட வதையின்ர தொடர்ச்சிதான் இது எண்டு. செத்த அந்த 17 பேரின்ர தாய் தேப்பன்மார் இன்னும் தீர்ப்பைக் காணேல்ல. நாட்டைக் காப்பாத்தினம் எண்டு சொல்லுற அதிகாரிமார் தங்கட சொந்தச் சனத்தின்ர நீதியையும் சேத்துத்தான் விழுங்கியிருக்கினம். எங்கட சிங்களச் சகோதரங்களுக்கும் நான் இதைத்தான் சொல்லுறனான். மத்திய வங்கியில, தலதா மாளிகையில, கொழும்புப் பஸ்சில குண்டு வெடிச்சுச் செத்த சனத்துக்கு உண்மை வேணும். பைப்பால வாங்கின கையெழுத்தில அது இல்லை.

11 டிசம்பர் 2024

இந்த அறிக்கை வரேக்க சிஐஏ பணிப்பாளரா இருந்த ஜோன் பிரெனனைப் பற்றிச் சுருக்கமா. 2008இல ஒபாமா இவரை சிஐஏக்குப் போடப்போறார் எண்டு பேச்சு வர, இந்தத் திட்டக் காலத்தில மேல்மட்டத்தில இருந்தவர் எண்டு எதிர்ப்புக் கிளம்பி, தானே பேரை எடுத்தவர். 2013இல அதே கதிரைக்கு வந்திட்டார். நாலு வருசத்தில எல்லாருக்கும் மறந்துபோச்சு. அறிக்கை எழுதின செனற் ஊழியர்மாரின்ர கணினிக்குள்ள சிஐஏ போய்ப் பாத்தது எண்டு 2014 மார்ச்சில சொல்லேக்க, அப்பிடி நாங்கள் செய்வமோ எண்டு மறுத்தவர். ஜூலையில மன்னிப்புக் கேட்டவர். டிசம்பர் 11, சரியா பத்து வருசத்துக்கு முதல் இதே நாள், சிஐஏ தலைமையகத்தில பத்திரிகையாளரைக் கூப்பிட்டு வைச்சுத் தன்ர ஆக்களுக்காக வாதாடினவர். பதவி போகேல்ல, 2017 வரைக்கும் இருந்தவர்.

மறியலுக்குப் போன ஒரு சிஐஏ ஆள் இருக்கிறார். ஜோன் கிரியாக்கு. தண்ணி ஊத்துற வதை நடந்தது எண்டு 2007இல ரீவியில வாய் திறந்தவர். பிறகு ஒரு சக அதிகாரியின்ர பேரைப் பத்திரிகையாளருக்குச் சொன்னதெண்டு 2013இல 30 மாசம் குடுத்தவை.

14 டிசம்பர் 2024

இதை எழுதிறதோ விடுறதோ எண்டு ரெண்டு நாளா யோசிச்சனான். முல்லைத்தீவிலயிருந்து ஒரு பிள்ளை எழுதியிருக்கு, "நீங்கள் எல்லாரையும் கேக்கிறியள், எங்கட பக்கத்தையும் கேப்பியளோ?" எண்டு.

கேப்பன் பிள்ளை. துணுக்காயில புலிகள் இயக்கத்தின்ர தடுப்பு முகாம் இருந்தது. வன்னியில வயசு போன ஆக்களுக்கு அது தெரியும், வாய் விட்டுச் சொல்லமாட்டினம். எங்கட அம்மாவின்ர சொந்தத்தில ஒருத்தரைக் கொண்டுபோனவை. திரும்பி வந்தவர், ஆனா வலக் கையைத் தோளுக்கு மேல தூக்கேலாது. கடைசிவரைக்கும் என்ன நடந்ததெண்டு சொல்லேல்ல. அப்ப ஊருக்குள்ள கூட்டம் வைக்க வந்த பொறுப்பாளர்மார் "துரோகியைத்தான் விசாரிக்கினம், குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்" எண்டு சொல்ல, நாங்கள் எல்லாரும் தலையாட்டிக்கொண்டு இருந்தனாங்கள். பயத்தில ஆட்டின தலையும் இருந்தது, உண்மையா நம்பி ஆட்டின தலையும் இருந்தது. அந்தக் கூட்டத்தில கதைச்சவையும் ஆரையும் கையால தொடாதவைதான்.

கொழும்பில இருந்தவைக்கு ஒரு அளவுகோல், எங்கட ஆக்களுக்கு ஒரு அளவுகோல் எண்டு நான் வைச்சா, அமெரிக்காக்காரன் தன்ர ஆக்களுக்கு வைக்கிற அளவுகோலைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை இல்லை. அண்டைக்கு மேடையில நிண்ட கனபேர் முள்ளிவாய்க்காலோட இல்லை. இருக்கிறவையும் வெளிநாட்டிலயோ வாய் மூடியோ இருக்கினம். எண்டாலும் சாட்சியம் உள்ளவை சொல்லவேணும், கேக்கிறவை கேக்கவேணும். இதை எழுதினதுக்கு எனக்கு ஏச்சு வரும், வரட்டும்.

17 டிசம்பர் 2024

ஏச்சு வந்தது. நல்ல கேள்வியும் சேந்து வந்தது. "என்னதான் செய்யச் சொல்லுறீர், முடிவாச் சொல்லும்" எண்டு கேட்டிருக்கினம்.

மறியல் எண்டு மட்டும் யோசிக்காதையுங்கோ. இந்த விசயத்தில ஆக்களைத் தொட்ட வழிகள் கொஞ்சம் இருக்கு, சிலது வேலை செய்தது, சிலது பாதியில நிண்டது. இந்த வதை முறைகளை வகுத்துக் குடுத்த ரெண்டு உளவியலாளர், மிச்சலும் ஜெசனும். அவையின்ர கம்பனிக்கு சிஐஏ 81 மில்லியன் டொலர் குடுத்தது. தப்பி வந்த ரெண்டு பேரும் குல் ரஹ்மான்ர குடும்பமும் அவையில சிவில் வழக்குப் போட்டு, 2017 ஓகஸ்ரில வழக்குக்கு நாள் வந்துகொண்டிருக்கேக்க சமரசமா முடிஞ்சது. அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின்ர ஆக்கள் பாதுகாப்புத் துறையோட ஒத்துப்போய் ஒழுக்க விதியைத் தளர்வா வைச்சவை எண்டு 2015இல ஒரு விசாரணை அறிக்கை வந்தது, அந்தக் கோடையிலயே சங்கம் இப்பிடியான விசாரணைகளில தன்ர ஆக்கள் கலந்துகொள்ளக் கூடாது எண்டு தடை போட்டது. தொழில்காரரை அவையின்ர தொழிலே கேள்வி கேட்டது அது. ஆனா 2002 ஓகஸ்ரில இதெல்லாம் சட்டப்படி சரி எண்டு எழுதிக் குடுத்த சட்டத்தரணிமாரில பைபி எண்டவர் அடுத்த வருசமே மேன்முறையீட்டு நீதிபதியாப் போனவர். யூ எண்டவர் பல்கலைக்கழகத்தில சட்டம் படிப்பிக்கிறார். நீதித் திணைக்களத்தின்ர உள் விசாரணை தொழில் ஒழுக்கத்தை மீறினவை எண்டு எழுத, மேல இருந்த ஒருத்தர் 2010இல அதை வெட்டி வெறும் மோசமான தீர்மானம் எண்டு மாத்திப்போட்டார்.

இத்தாலியில மிலான் நகரத் தெருவில 2003இல ஒரு இமாமைக் கடத்தின வழக்கில 23 அமெரிக்கரை 2009இல ஆள் இல்லாமலே குற்றவாளி எண்டு தீர்த்தவை. இத்தாலியின்ர சொந்தப் புலனாய்வுத் தலைவரையும் தண்டிச்சு, பிறகு அரச இரகசியம் எண்டு சொல்லி அந்தத் தண்டனை இல்லாமல் போச்சு.

பதவி உயர்வைத்தான் நான் முக்கியமாப் பிடிக்கிறன். ஹொசே ரொட்ரிகேஸ் எண்டவர் 2005 நவம்பரில 92 விசாரணை ஒளிநாடாவை அழிப்பிச்சவர், அந்த உத்தரவை எழுதினது ஜீனா ஹஸ்பெல். தாய்லாந்தில இருந்த இரகசியத் தடுப்பு முகாமுக்குப் பொறுப்பா இருந்தவா. 2018 மேயில 54க்கு 45 எண்டு வாக்கு விழுந்து சிஐஏ பணிப்பாளரா வந்தா. வாக்கெடுப்புக்குக் கொஞ்சம் முதல் ஒரு செனற்றருக்கு அந்தத் திட்டம் சிஐஏ செய்திருக்கக் கூடாதது எண்டு கடிதம் குடுத்தவா. பதவி தொங்கேக்கதான் அந்த வாக்கியம் வந்தது. அதைத்தான் நான் சொல்லுறன், இந்த ஆக்கள் பயப்பிடுறது பதவிக்குத்தான், அங்கதான் பிடிக்கவேணும்.

ஆகவே என்ர பக்கம் இது. பொய்ச் சாட்சியம் சொன்னவருக்கு வழக்கு. நீதிமன்றம் ஒரு வாக்குமூலத்தை அடிச்சு வாங்கினதெண்டு தள்ளினா, அதை எடுத்த அதிகாரியின்ர கோப்பு தானாவே சட்டமா அதிபருக்கும் பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் போகவேணும், முறைப்பாட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அது முடியும்வரை பதவி உயர்வு இல்லை, தூதரக வேலை இல்லை, ஐநா குழுவில பயணம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு வந்து வெறும் வாயால "சரிதான் செய்தது" எண்டு சொன்னா, அதுக்கு மறுமொழி சொல்லுவம், பிடிச்சு அடைக்கக் கேக்க மாட்டம். முகநூலில ஒரு படம் போட்டதுக்கு 2020, 2021இல எங்கட பெடியளைப் பயங்கரவாதச் சட்டத்தில கொண்டுபோகேக்க கோட்டு வாசலில நிண்ட சனம் நாங்கள், வார்த்தைக்கு மறியல் எண்ட கதவை எங்கட கையால திறக்கேலாது. பரந்தன் தம்பி, உம்மட கேள்விக்கு என்ர பதில் இதுதான்.

18 டிசம்பர் 2024

"இதெல்லாம் நடந்து முடிஞ்ச கதை, விடுங்கோ" எண்டு ஒரு அண்ணை. ஒபாமாவும் 2009இல பதவி ஏற்க முதல், பின்னால பாக்கிறதைவிட முன்னால பாப்பம் எண்டு சொன்னவர். சித்திரவதையை நிப்பாட்டி உத்தரவும் போட்டவர், அது நல்ல விசயம். நடந்ததை விசாரிச்ச அரச வழக்கறிஞர் டேரமின்ர விசாரணை 2012இல ஒருத்தரையும் குற்றம் சாட்டாமல் முடிஞ்சது. பிறகு என்ன நடந்தது? 2016இல தேர்தலுக்கு நிண்ட ஒருத்தர் மேடையில இதைவிட மோசமாச் செய்வன் எண்டு சொல்லிக் கைதட்டு வாங்கினவர். அண்ணை, நீங்கள் கமக்காரர், குளக்கட்டில ஒரு நண்டு வளையை அடைக்காமல் விட்டா அடுத்த மாரிக்கு எங்க உடைக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2 ஜனவரி 2025

வருசப் பிறப்போட ஒரு பழைய விசயத்தைத் தேடி எடுத்தனான். 2016 நவம்பர், ஜெனீவா, ஐநா சித்திரவதைக்கு எதிரான குழு இலங்கையை விசாரிக்குது. இலங்கைக் குழுவில வந்திருந்தவர் அப்ப தேசிய புலனாய்வுத் தலைவரா இருந்த சிசிர மென்டிஸ். 2008 மார்ச் தொடக்கம் 2009 ஜூன் வரைக்கும் சிஐடிக்குப் பொறுப்பான பிரதிப் பொலிஸ் மா அதிபர். அதாவது எங்கட சனத்தை ஓமந்தையில பிரிச்சு எடுத்த, நாலாம் மாடிக்குக் கொண்டுபோன காலம். குழுவில இருந்தவை அந்தக் காலத்தில அங்க நடந்ததைப் பற்றி அவரிட்ட நேராக் கேட்டவை. அவர் அந்தக் கேள்விக்கு வாய் திறக்கேல்ல. குழு தன்ர அறிக்கையில அதுக்கு வருத்தம் தெரிவிச்சு எழுதினது.

அவரில குற்றம் நிரூபிச்சது எண்டு நான் சொல்லேல்ல, எந்த நீதிமன்றமும் அதைப் பாக்கேல்ல. நான் கேக்கிறது, அந்த ஆளை அந்தக் கதிரையில கொண்டுபோய் இருத்தின முடிவைப் பற்றி. நல்லாட்சி எண்டு நாங்கள் வரிசையில நிண்டு வாக்குப் போட்ட அரசாங்கம் அது. அண்டைக்கு அந்தக் காணொளியை கிளிநொச்சியில ஒரு வீட்டில பத்துப்பதினைஞ்சு பேர் சேந்து இருந்து பாத்தனாங்கள். அடுத்த வருசம் பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார் பந்தல் போட்டு இருக்கத் தொடங்கினவை. அவைக்குப் பதில் சொல்லவேண்டியவர் கேள்வி கேட்ட இடத்திலயே பேசாமல் இருந்திட்டு வந்தவர் எண்டு நினைக்க இப்பவும் கை நடுங்குது.

4 ஜனவரி 2025

சிங்களம் தெரியாதவையிட்டச் சிங்களத்தில வாக்குமூலம் வாங்கினது உண்மையோ எண்டு புலம்பெயர்ந்த பிள்ளை ஒண்டு கேட்டிருக்கு. ஓமோம். நல்லரட்ணம் சிங்கராசாவின்ர வழக்கைப் பாருங்கோ. 1993இல மட்டக்களப்புப் பக்கம் பிடிபட்டவர், சிங்களத்தில எழுதின வாக்குமூலத்தில பெருவிரல் அடையாளம். 50 வருசம் குடுத்து, மேன்முறையீட்டில 35 ஆக்கினவை. 2004இல ஐநா மனித உரிமைக் குழு இது பிழையான விசாரணை எண்டு சொன்னது. 2006இல எங்கட உச்ச நீதிமன்றம் அந்தக் குழுவுக்கு முறையிடுற உரிமையை ஜனாதிபதி ஏற்றதே அரசியலமைப்புக்கு மாறானது எண்டு தீர்த்தது. வழக்கு அப்பிடியே கிடந்தது.

27 மார்ச் 2025

24ஆம் திகதி பிரித்தானியா போர்க்கால மனித உரிமை மீறலுக்காக மூண்டு முன்னாள் படைத் தளபதிமாரிலயும் புலிகளிலயிருந்து பிரிஞ்ச கருணாவிலயும் தடை போட்டிருக்கு. சவேந்திர சில்வா, வசந்த கரன்னகொட, ஜகத் ஜயசூரிய, கருணா. நாலு பேர்.

இதையொட்டி அமெரிக்கா 2022 டிசம்பரில போட்ட தடையையும் நினைச்சனான். பிரபாத் புலத்வத்த, இராணுவத்தின்ர இரகசியப் பிரிவொண்டை நடத்தினவர், 2008இல பத்திரிகையாளர் கீத் நொயாரைக் கடத்தி வதைச்ச விசயத்துக்காக அமெரிக்காவுக்குள்ள வரேலாது. "தன்ர ஆக்களைத் தண்டிக்காதவன் எங்கட ஆக்களைத் தடுக்க ஆர்" எண்டு தெற்கில எழுதினவை. எனக்கு அந்தக் கோபத்தில பாதி விளங்குது. ஆனா அதுக்கு மருந்து புலத்வத்தைக்குத் தடை எடுக்கிறது இல்லை, ரொட்ரிகேசுக்கும் அதே தடை வேற நாடுகள் போடுறது. நொயாருக்கு விழுந்த அடி வாசிங்டன்ர யோக்கியதையைப் பாத்துக் குறையாது.

8 ஓகஸ்ட் 2025

5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்கால பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனை நீக்கினது. கனபேர் இதை இஞ்ச கொண்டந்து போட்டு "பாத்தியளே, நடக்குது" எண்டு எழுதியிருக்கிறியள்.

சந்தோசம்தான். ஆனா ஒழுங்கை வடிவாப் பாருங்கோ. 2023 நவம்பர் கடைசியில பதில் பொலிஸ் மா அதிபரா வந்தார். டிசம்பர் 14 உச்ச நீதிமன்றம் அவரும் வேற சிலரும் ஒரு முன்னாள் சிப்பாயைச் சித்திரவதை செய்து அடிப்படை உரிமையை மீறினவை எண்டு தீர்த்து, சொந்தக் காசில ஆளுக்கு அஞ்சு லட்சம் கட்டச் சொன்னது, ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. அதுக்குப் பிறகுதான் 2024 பெப்ரவரியில அவரை நிரந்தரமா நியமிச்சவை. 2024 ஜூலையில உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு நிப்பாட்டினது. கடைசியில போனதிலயும் பெரிசா நிண்டது வெலிகமவில ஒரு ஹொட்டலுக்கு முன்னால 2023 டிசம்பரில பொலிஸ் நடத்தின துப்பாக்கிச் சூட்டு விசயம். சித்திரவதைத் தீர்ப்பு மட்டும் ஒருத்தரை அந்தக் கதிரையிலயிருந்து இறக்கக் காணும் எண்டு நான் இன்னும் காணேல்ல. அவர் புலனாய்வுக்காரரும் இல்லை, அடி வாங்கினவர் தமிழரும் இல்லை. அதையும் யோசியுங்கோ.

10 ஓகஸ்ட் 2025

பழைய வழக்குக் கோப்பை எப்பிடி எடுக்கிறதெண்டு கடைசியாக் கேட்ட ரெண்டு பேருக்கு. வழக்குக் கோப்பு 2009இல எல்லாம் போட்டுது எண்டு சொல்லுறியள், அது வீட்டுப் பிரதி. 2009க்குப் பிறகு நடந்த வழக்கெண்டா மேல் நீதிமன்றப் பதிவறையில விண்ணப்பம் குடுத்து உறுதிப்படுத்தின பிரதி எடுக்கலாம். தீர்ப்போட நிக்காதையுங்கோ, உண்மை விளம்பல் விசாரணையின்ர கட்டளையையும் அதில அதிகாரி குடுத்த சாட்சியத்தையும் சேத்துக் கேளுங்கோ, அதிலதான் ஆர் என்ன சொன்னது எண்டு கிடக்கும். சட்ட வைத்திய அதிகாரியின்ர அறிக்கை இருந்தா அதையும். அதிகாரியின்ர பேரை இஞ்ச எழுதாதையுங்கோ, பிள்ளையளின்ர பேரையும் எழுதாதையுங்கோ. பிரதியை ரெண்டா எடுத்து ஒண்டை வேற வீட்டில வையுங்கோ. பதிவறையில இழுத்தடிச்சா எனக்கு எழுதுங்கோ, விண்ணப்பத்தில என்ன சொல்லிக் கேக்கிறதெண்டு சொல்லித் தாறன்.